நீலத்தாமரை விதை இருபது, விலை 199

ஆன்லைனில் ‘நீலம், பச்சை, கறுப்பு: ஐந்து நிறத் தாமரை’ என்று இருபது விதை 199 ரூபாய்க்கு வாங்கினேன். மூன்று வாரமாகத் தண்ணீரில் கிடக்கின்றன, ஒன்றும் முளைக்கவில்லை. (கும்பகோணம் வாசகி)

முளைத்தாலும் நீலமாகப் பூக்காது அம்மா. உலகத்தில் தாமரை இனம் இரண்டே இரண்டு. நம் ஊர்த் தாமரை இளஞ்சிவப்பு அல்லது வெள்ளை. வட அமெரிக்காவில் உள்ளது மஞ்சள். நீலத்துக்கும் கறுப்புக்கும் கணினியில்தான் வண்ணம் பூசுகிறார்கள். நீலமாகப் பூப்பது நீலோற்பலம். நம் குளங்களில் தானாக வளர்கிற அல்லி அது, இலங்கையின் தேசிய மலரும் அதுதான். அதன் விதை கடுகைவிடச் சிறியது. விரல் நுனி அளவுக்குக் கறுப்புக் கொட்டை வந்திருந்தால் அது சாதாத் தாமரை.

நானும் ஏமாந்தவன்தான். மயில்கழுத்து நிறப் படத்தைப் பார்த்து வாங்கினேன். பத்தில் மூன்று முளைத்தன, மறு வருஷம் ஒன்று பூத்தது. கோயில் குளத்தில் பார்க்கிற அதே இளஞ்சிவப்பு!

முளைக்காததற்குக் காரணம் கெட்டியான ஓடு. அந்த ஓடு இருப்பதால்தான் சீனாவில் வற்றிய ஏரியடியில் கிடைத்த, சுமார் 1,300 வருஷப் பழைய விதைகூட முளைத்தது. கூர்ப்பு இல்லாத முனையை உப்புத்தாளில் தேயுங்கள். உள்ளே வெளிர் நிறம் தெரிந்ததும் நிறுத்திவிட்டு, தினமும் தண்ணீர் மாற்றுங்கள். நல்ல விதையானால் ஒரு வாரத்தில் முளைவிடும். ஆனால் அதற்கு முன்னால் விளம்பரப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டு பணத்தைத் திருப்பிக் கேளுங்கள். இது விதை முளைக்காத விவகாரம் இல்லை, இல்லாத பொருளை விற்ற விவகாரம்.

உள்ளூர் நர்சரியில் வெள்ளை அல்லி வாங்கினேன். காலை பதினொரு மணிக்குப் பார்த்தால் எப்போதும் மூடியே இருக்கிறது. ஏமாற்றிவிட்டாரா? (ஈரோடு)

இல்லை. அது இரவில் பூக்கும் ஆம்பல். எட்டு மணிக்கு டார்ச் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள்.

கூரியரில் வந்த தாமரைக் கிழங்கு கொழகொழவென்று நாறுகிறது. ‘உயிருள்ள பொருளுக்கு ரீஃபண்ட் கிடையாது’ என்கிறார் விற்றவர். (திருநெல்வேலி)

அது அவர் வீட்டுச் சட்டம். 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகளின்படி, குறையுள்ள பொருளையும் விளம்பரத்துக்கு மாறான பொருளையும் விற்பவர் திருப்பி எடுக்க மறுக்கக் கூடாது. இணையதளத்தின் குறைதீர் அதிகாரி 48 மணி நேரத்தில் புகாரை ஏற்றதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு சொல்ல வேண்டும். அங்கே நகரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் போடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் வரையிலான வழக்குக்குக் கட்டணமே கிடையாது. நல்ல கிழங்கு கையில் கெட்டியாக இருக்கும், நுனி முளை முறியாமல் இருக்கும். அடுத்த முறை பார்சலை வீடியோ எடுத்தபடியே பிரியுங்கள்.

வரவேற்பறையில் பீங்கான் கிண்ணத்தில் அல்லி வைத்து ஆறு மாதம் ஆகிறது. இலை மட்டும்தான் வருகிறது. கடைக்காரர் மாற்றித் தருவாரா? (சென்னை)

எதற்குத் தர வேண்டும்? சோபா பக்கத்தில் வைத்துவிட்டுப் பூ கேட்கிறீர்கள். ஐந்தாறு மணி நேர வெயில் வேண்டும் என்பதை வாங்கும்போதே கேட்டிருக்கலாம்.

அல்லித் தொட்டிக்கு என்ன மண் வாங்கலாம்? (தஞ்சாவூர்)

தஞ்சாவூரில் இருந்துகொண்டு மண்ணை விலைக்கு வாங்குவீர்களா? வயல் களிமண் ஒரு வாளி போதும். ‘ஸ்பெஷல் கலவை’ என்று ஒரு மூட்டையை நான் 350 ரூபாய்க்கு வாங்கினேன். தண்ணீர் ஊற்றியதும் நார்க்கழிவு முழுவதும் மேலே வந்து டீத்தூள் மாதிரி மிதந்தது. அடியில் கிழங்கு மட்டும் தனியாகக் கிடந்தது. அப்புறம், கொசுவுக்கு நாலு கப்பி மீன் விடுங்கள். மருந்து எதுவும் ஊற்ற வேண்டாம், மீன் செத்துவிடும்.

வெங்காயத்தாமரையும் நர்சரியில் விற்கிறார்கள், ஊதாப் பூ அழகாக இருக்கிறது. வாங்கலாமா? (மதுரை)

தென் அமெரிக்காவிலிருந்து வந்து நம் கண்மாய்களை மூடிய களை அது. காசு கொடுத்து வேறு வாங்க வேண்டுமா?