மரப்பு ஊசியும் மரப்பு கிரீமும்: ஒரு மயக்க மருத்துவரிடம் கேட்டவை

கேள்வி: டாக்டர், பல் எடுக்க ஊசி போட்டதும் நெஞ்சு படபடவென்று அடித்தது, கை நடுங்கியது. அந்த ஊசியில் இருந்த மரப்பு மருந்து லிடோகெயின், எனக்கு அது அலர்ஜி என்கிறார்கள் வீட்டில். இனி அந்த ஊசியே கூடாதா?

பதில்: அலர்ஜியாக இருக்க வாய்ப்பு மிகக் குறைவு. பல்லுக்குப் போடும் ஊசியில் பெரும்பாலும் அட்ரினலின் கலந்திருக்கும். அது ரத்தக்குழாயைச் சுருக்கி மருந்தை அந்த இடத்திலேயே நிறுத்தி வைக்கிறது. அதில் கொஞ்சம் ரத்தத்தில் கலந்தால் நீங்கள் சொன்ன படபடப்புதான் வரும், சில நிமிடங்களில் அடங்கும். வியர்த்து, கண் இருட்டி விழுந்தால் அது ஊசி பயம். தோல் தடித்து, உதடு வீங்கி, மூச்சு இரைத்தால்தான் அலர்ஜியைச் சந்தேகிக்க வேண்டும். பரிசோதிக்காமல் கோப்பில் ‘அலர்ஜி’ என்று எழுத விடாதீர்கள். பிறகு எந்த மருத்துவரும் அதைத் தொடத் தயங்குவார்.

கேள்வி: லேசரில் முடி நீக்கப் போகிறேன். இரண்டு காலிலும் மரப்பு கிரீமை நன்றாகப் பூசி, மேலே பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு வரச் சொன்னார்கள். வெறும் கிரீம்தானே மேடம்?

பதில்: தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். இதே போலக் காலில் பூசிச் சுற்றிக்கொண்ட இரண்டு இளம்பெண்கள் வலிப்பு வந்து, நினைவிழந்து இறந்ததைச் சொல்லி, அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2007-இல் எச்சரிக்கை விட்டது. அவர்கள் பூசியது மருந்துக் கடையில் கலந்து கொடுத்த, வீரியம் கூடிய கிரீம்.

தோல் வழியாக எவ்வளவு மருந்து உள்ளே போகிறது என்பதை வீரியம், பூசும் பரப்பு, வைத்திருக்கும் நேரம் எல்லாமே தீர்மானிக்கின்றன. பிளாஸ்டிக் மூடி, சூடு, சிரங்கோ ஷேவ் செய்த கீறலோ இருக்கிற தோல் ஆகியவை அதை இன்னும் கூட்டும். லிடோகெயின் 2.5 சதவீதமும், பிரிலோகெயின் என்ற இன்னொரு மரப்பு மருந்து 2.5 சதவீதமும் சேர்ந்த கிரீமைச் சின்ன இடத்தில் ஒரு மணி நேரம் மூடி வைப்பது சரி. ஆனால் இரண்டு முழுக் கால் சின்ன இடம் இல்லை. எத்தனை கிராம், எவ்வளவு இடம், எவ்வளவு நேரம் என்று சொல்லத் தெரியாத கிளினிக் என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

கேள்வி: மருந்து அளவு மீறினால் எப்படித் தெரியும்?

பதில்: உதட்டைச் சுற்றி மரத்துப்போகும், நாக்கில் உலோகச் சுவை தட்டும், காதில் ரீங்காரம் கேட்கும், தலை கிறுகிறுக்கும், பேச்சு குழறும். அப்புறம் வலிப்பு, இதயத் துடிப்புக் கோளாறு. அதனால்தான் ஊசி போடும்போதே நோயாளியிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருப்போம். வாய் வித்தியாசமாக இருந்தால் உடனே சொல்லுங்கள், கூச்சம் வேண்டாம்.

லிடோகெயின் தனியாக என்றால் கிலோவுக்கு 4.5 மில்லிகிராம் வரை, அட்ரினலினோடு 7 வரை போகலாம். 2 சதவீத மருந்தில் ஒரு மில்லியில் 20 மில்லிகிராம் இருக்கிறது. 60 கிலோ ஆளுக்கு, அட்ரினலின் இல்லாமல் என்றால், 270 மில்லிகிராம், அதாவது பதின்மூன்றரை மில்லியோடு நிறுத்த வேண்டும். அளவுக்குள் இருந்தாலும் ரத்தக்குழாய்க்குள் நேராகப் போனால் ஆபத்துதான். சிரிஞ்சைப் பின்னால் இழுத்து ரத்தம் வருகிறதா என்று பார்ப்பது அதற்காகத்தான். நச்சு ஏறினால் ஆக்சிஜனும் வலிப்புக்கு மருந்தும் கொடுத்து, 20 சதவீதக் கொழுப்புத் திரவத்தை ரத்தக்குழாய் வழியாக ஏற்றுவோம்.

கேள்வி: குழந்தைக்குப் பல் முளைக்கிறது, ராத்திரியெல்லாம் அழுகை. ஈறில் மரப்பு ஜெல் தடவலாமா?

பதில்: வேண்டாம். இந்த மாதிரி ஜெல்களில் இருக்கும் பென்சோகெயின் என்ற மரப்பு மருந்து ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜன் சுமக்க முடியாததாக மாற்றிவிடலாம். உதடும் நகமும் நீலம் பாரிக்கும், ரத்தம் சாக்லேட் நிறத்தில் வரும். இரண்டு வயதுக்குக் கீழே கூடாது என்று அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2018-இலேயே எச்சரித்திருக்கிறது. லிடோகெயின் ஜெல்லும் வேண்டாம், குழந்தை விழுங்கிவிடும். கையைக் கழுவி ஈறை விரலால் தேய்த்துவிடுங்கள்.

கேள்வி: சீழ்க்கட்டியைக் கீறும்போது ஊசி போட்டும் வலித்ததே, ஏமாற்றிவிட்டார்களா?

பதில்: இல்லை. சீழ் கட்டிய இடத்தில் அமிலத்தன்மை கூடியிருக்கும், மருந்து நரம்புக்குள் சரியாக நுழையாது. கட்டியைச் சுற்றி, தள்ளிப் போட்டால் ஓரளவு பிடிக்கும்.

கேள்வி: பல் டாக்டரிடம் போய்வந்த பையன் உதட்டைக் கடித்துப் புண்ணாக்கிக்கொண்டான்.

பதில்: பிள்ளைகளிடம் இது அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் தானே ஆறிவிடும். அடுத்த முறை மரப்பு முழுதும் விடும்வரை, அதாவது சில மணி நேரம், சாப்பாடு கொடுக்காமல் பக்கத்திலேயே இருங்கள்.

கேள்வி: கண்ணில் தூசி எடுத்தபோது விட்ட சொட்டு மருந்து அற்புதமாக இருந்தது. ஒரு பாட்டில் வாங்கி வைத்துக்கொள்ளலாமா?

பதில்: கூடவே கூடாது. திரும்பத் திரும்ப விட்டால் கருவிழியின் மேல்தோல் ஆறாமல் கரையும், பார்வையே போகலாம். வலிக்காததால் கெடுவதும் தெரியாது. மறுநாளும் உறுத்தினால் கண் மருத்துவரிடம் போய்க் காட்டுங்கள்.