லேண்ட்லைனும் நெட்வொர்க்கும்: கேட்வே பெட்டி பற்றிக் கேட்டவர்களுக்கு

இன்டர்காம், இபிஏபிஎக்ஸ் (ஆபீஸ் போன்களை இணைக்கும் உள் எக்ஸ்சேஞ்ச்) வேலையில்தான் என் பிழைப்பு. லேண்ட்லைனையும் சாதாரண போனையும் இன்டர்நெட் வழிப் பேச்சோடு இணைக்கும் பெட்டிதான் கேட்வே. அதைப் பற்றி வந்த கேள்விகளுக்குக் கைப்பழக்கத்தில் தெரிந்ததைச் சொல்கிறேன்.

ஈரோடு, ஜவுளிக் கடை: அண்ணே, பெட்டியில எஃப்எக்ஸ்எஸ், எஃப்எக்ஸ்ஓன்னு ரெண்டு போர்ட் இருக்கு. எதுல லைனைச் சொருகணும்?

டயல்டோன் கொடுப்பது யார், வாங்குவது யார் என்று பாருங்கள் தம்பி, குழப்பம் தீர்ந்துவிடும். எஃப்எக்ஸ்எஸ் டயல்டோன் கொடுக்கும். அதில் சாதாரண போனைச் சொருகுங்கள். எஃப்எக்ஸ்ஓ டயல்டோனை வாங்கிக்கொள்ளும். எக்ஸ்சேஞ்சிலிருந்து வரும் லைன் அதற்கு. மாற்றிச் சொருகினால் அந்தப் பக்கமிருந்தும் 48 வோல்ட், இந்தப் பக்கமிருந்தும் 48 வோல்ட். போதாததற்கு மணி அடிக்கும்போது அதற்கும் மேலே ஏசி வரும். போர்ட் புகைந்துவிடலாம். சந்தேகம் இருந்தால் ஒயரில் மல்டிமீட்டர் வையுங்கள். ரிசீவரை எடுக்காமல் வைத்திருக்கும்போது 48 வோல்ட் பக்கம் காட்டினால் அது எக்ஸ்சேஞ்ச் லைன்.

விலை குறைவு என்று கிராண்ட்ஸ்ட்ரீம் கம்பெனியின் எச்டி801 பெட்டியை வாங்கிவிட்டு லைனை எங்கே சொருகுவது என்று தேடுகிறவர்கள் உண்டு. அதில் எஃப்எக்ஸ்ஓ கிடையாது. எச்டி813ல் இரண்டும் ஒவ்வொன்று இருக்கிறது.

திருநெல்வேலி, கிளினிக்: பேசினவங்க வச்ச பிறகும் லைன் பிஸியாவே நிக்குது. பெட்டியை ஆஃப் பண்ணி ஆன் பண்ணாத்தான் சரியாகுது.

அதிகம் வரும் புகார் இதுதான். ஐபியில், அதாவது நெட் வழிப் பேச்சில், ஒருவர் போனை வைத்தால் ‘முடிந்தது’ என்று தகவல் வந்துவிடும். செம்புக் கம்பியில் அப்படி ஒன்று கிடையாது. எக்ஸ்சேஞ்ச் ஒரு கணம் பிளஸ் மைனஸை மாற்றிக் காட்டும், இல்லையென்றால் பிஸி டோன் போடும். அதைக் கேட்டுப் பெட்டிதான் புரிந்துகொள்ள வேண்டும். பெட்டியோ பெரும்பாலும் அமெரிக்கக் காதோடு வருகிறது: 480, 620 ஹெர்ட்ஸ் இரண்டும் சேர்ந்து, அரை நொடி ஒலி, அரை நொடி மௌனம். நம் ஊர் பிஸி டோன் 400 ஹெர்ட்ஸ், 0.75 நொடி ஒலி, 0.75 நொடி மௌனம். செட்டிங்கில் இந்த எண்களைப் போடுங்கள், முக்கால்வாசி சரியாகிவிடும்.

ஒரு கல்யாண மண்டபத்தில் நானே இதைப் போட மறந்து வந்துவிட்டேன். மறுநாள் வாய்ஸ்மெயிலைத் திறந்தால் ராத்திரி முழுக்க ‘டொய்ங், டொய்ங்’ மட்டும். மேனேஜர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

மதுரை: ஐபி போன்ல பேசினா என் குரலே எனக்குத் திரும்பக் கேக்குது சார்.

லேண்ட்லைனில் போகும் பேச்சும் வரும் பேச்சும் ஒரே இரண்டு கம்பியில்தான் ஓடுகின்றன. ஐபி பக்கம் இரண்டும் தனித்தனி. இவை சந்திக்கும் இடத்தில் கொஞ்சம் குரல் திரும்பிக் கசியும். பழைய போனிலும் இது உண்டு, ஆனால் உடனே திரும்புவதால் காதுக்குத் தெரியாது. நெட்வொர்க்கில் குரலை 20 மில்லிநொடித் துண்டுகளாகக் கட்டி அனுப்புவதால் தாமதம் கூடி எதிரொலியாகிறது. எஃப்எக்ஸ்ஓவில் இம்பிடன்ஸை (லைனின் மின்தடை அளவு) லைனுக்குப் பொருந்த வையுங்கள். சத்தம் போதவில்லை என்று கெயினை (ஒலி அளவு) ஏற்றியிருந்தால் முதலில் அதை இறக்குங்கள்.

கரூர்: ஃபேக்ஸ் பாதியிலயே நிக்குது.

குரலைச் சுருக்கி அனுப்பும் ஜி.729 முறையில் ஃபேக்ஸ் தேறாது. அது மனிதக் குரலுக்காக நொடிக்கு 8 கிலோபிட்டுக்குச் சுருக்கியது. செட்டிங்கில் அவ்வளவு சுருக்காத ஜி.711க்கு மாற்றுங்கள். நெட்டில் ஃபேக்ஸ் அனுப்பவென்றே உள்ள டி.38 முறை இரண்டு முனையிலும் இருந்தால் இன்னும் நல்லது.

நாகர்கோவில்: ஃபைபருக்கு மாறினதுல இருந்து கரண்ட் போனா லேண்ட்லைனும் போயிடுது. முன்ன அப்படி இல்லையே?

முன்பு எக்ஸ்சேஞ்ச் பேட்டரியிலிருந்து கம்பி வழியாகவே மின்சாரம் வந்தது. கண்ணாடி இழையில் வராது. இப்போது உங்கள் வீட்டில் ஃபைபர் வந்து சேரும் ஓஎன்டி பெட்டியில் போன் சொருகும் போர்ட்டே ஒரு எஃப்எக்ஸ்எஸ்தான். டயல்டோன் பிறப்பது உங்கள் சுவரில். ரூட்டருக்கு வைக்கும் மினி யுபிஎஸ் வாங்கி ஓஎன்டியை அதில் மாட்டிவிடுங்கள். வோல்ட், ஆம்பியர் பொருந்துகிறதா என்று ஓஎன்டியின் பவர் அடாப்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தஞ்சாவூர்: துபாய்ல இருக்கிற மச்சானும் அவர் நண்பர்களும் நெட் வழியா நம்ம வீட்டு லைனுக்கு வந்து, இங்க லோக்கல் கால் போட முடியுமா?

முடியும், செய்யாதீர்கள். வெளிநாட்டு அழைப்பை நெட்டில் இறக்கி, லைசென்ஸ் இல்லாமல் உள்ளூர் லைனில் ஏற்றுவது சட்டவிரோதம். நிறைய சிம் கார்டுகளைச் சொருகி இதையே செய்யும் சிம் பாக்ஸ் வைத்துப் பிடிபடுகிறவர்கள் மேலுள்ள வழக்கும் இதே வகைதான்.

காரைக்குடி: தாத்தாவோட சுத்துற டயல் போனை இதுல ஓட்டலாமா?

பல்ஸ் டயலிங் உள்ள கேட்வே பெட்டியாகப் பாருங்கள். 9 சுற்றினால் லைன் ஒன்பது தடவை வெட்டி வெட்டி ஒட்டும், 0க்குப் பத்து. அதை எண்ணத் தெரிந்த பெட்டி வேண்டும். உள்ளே இருக்கும் வெண்கல மணிக்குச் சின்னப் பெட்டியின் ரிங் வோல்டேஜ் போதாமல் முனகுவதும் உண்டு. போனைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போய், ஒரு தடவை அடிக்கவிட்டுக் கேட்டுவிட்டுக் காசு கொடுங்கள்.