1,100 யார்ட் ஓடிவிட்டான், சரி... டிராஃப்டுக்கு அனுப்பலாமா?

வணக்கம்மா. உங்கள் மெயிலில் இருந்து நான் புரிந்துகொண்டது இதுதான்: மகன் கல்லூரியின் அமெரிக்க ஃபுட்பால் அணியில் மூன்றாம் ஆண்டு ரன்னிங் பேக் (பந்தைக் கையில் வாங்கிக்கொண்டு ஓடுபவன்), இந்த சீசனில் 210 தடவை பந்தைத் தூக்கி 1,100 யார்ட் ஓடியிருக்கிறான், அவன் அப்பா இப்போதே என்.எஃப்.எல். என்ற தொழில்முறை லீக்கின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டுக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறார், நீங்கள் டிகிரியை முடிக்கச் சொல்கிறீர்கள், பையன் வாயே திறக்கவில்லை. ஊரில் இருக்கும் சொந்தங்களுக்கு இது என்ன விளையாட்டு என்றே தெரியாது, அதனால் யாரிடமும் கேட்கவும் முடியவில்லை. விளக்கமாகவே சொல்கிறேன்.

பள்ளி முடித்து மூன்று வருடம் ஆகிவிட்டதால் விதிப்படி அவன் தகுதியானவன்தான். ஆனால் தகுதி இருப்பது வேறு, எடுக்கப்படுவது வேறு. டிராஃப்டுக்குத் தகுதி பெறும் கல்லூரி வீரர்களில் சுமார் 1.6 சதவீதம் பேர்தான் என்.எஃப்.எல்.லுக்குப் போகிறார்கள் என்பது கல்லூரி விளையாட்டை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வே சொல்லும் கணக்கு. ஏழு சுற்று, 32 அணி, மொத்தம் 250 சொச்சம் பேர், அதில் ரன்னிங் பேக் இருபதை ஒட்டித்தான் இருப்பார்கள்.

அவன் அப்பா திரும்பத் திரும்பச் சொல்லும் அந்த 1,100 யார்டை நான் கடைசியாகத்தான் பார்ப்பேன். முன்னால் நிற்கும் ஐந்து லைன்மேன்கள் வழியைத் திறந்துவிட்டால் சுமாரான பையன்கூட ஐந்து யார்ட் ஓடுவான். அலபாமாவில் அசத்திய ட்ரென்ட் ரிச்சர்ட்சனை 2012-ல் மூன்றாவது ஆளாகவே எடுத்தார்கள், என்.எஃப்.எல்.லில் அவரால் பந்தைத் தூக்கும் ஒவ்வொரு தடவைக்கும் சராசரியாக 3.3 யார்டுக்கு மேல் போக முடியவில்லை, 2014 சீசனோடு ஆட்டம் முடிந்தது. ஆஷ்டன் ஜென்டி பாய்சி ஸ்டேட்டில் 2024-ல் 2,601 யார்ட் ஓடினார், 2025-ல் ஆறாவது ஆளாகப் போனார். எதிரணிகள் கொஞ்சம் பலம் குறைந்தவை என்று எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் எடுத்தார்கள், ஏனென்றால் அந்த யார்டில் பாதிக்கு மேல் முதல் ஆள் மேலே வந்து மோதிய பிறகு எடுத்தது. லைன் கொடுத்ததைக் கழித்தால் உங்கள் மகன் கையில் என்ன மிஞ்சுகிறது என்பதுதான் கேள்வி.

அடுத்த ஆட்டத்துக்குப் போகும்போது ஒரு வேலை செய்யுங்கள். மூன்றாவது டவுன் (பத்து யார்ட் போகக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவது), இன்னும் ஏழு எட்டு யார்ட் வேண்டும் என்ற நிலை வரும்போது பந்தைப் பார்க்காமல் மகனை மட்டும் பாருங்கள். முதலில், அவன் மைதானத்தில் இருக்கிறானா, இல்லை கோச் வேறு பையனை இறக்கிவிட்டாரா? இருந்தால், பந்து வருவதற்கு முன்பே கண்ணால் துழாவி எதிரணித் தடுப்பாளர்களில் எந்த லைன்பேக்கர் பாயப்போகிறான் என்று கண்டுபிடிக்கிறானா? பாய்ந்து வருபவன் 240 பவுண்ட் இருப்பான். அவன் நெஞ்சுக்கு நேராகப் போய், காலை அகட்டி, முட்டி மடக்கி நின்று தடுக்கிறானா, இல்லை தலையைக் குனிந்து தோளால் ஒரு இடி இடித்துவிட்டு ஒதுங்குகிறானா? குனிந்தால் நல்ல லைன்பேக்கர் பக்கவாட்டில் நழுவிப் போய், பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கைச் சாய்த்துவிடுவான். பல மில்லியன் சம்பளம் வாங்கும் குவார்ட்டர்பேக்கைக் காப்பாற்றத் தெரியாத பையனை எந்த கோச்சும் மூன்றாவது டவுனில் நிறுத்தமாட்டார். இது ஹைலைட் வீடியோவில் வராது, யாரும் கைதட்டமாட்டார்கள், ஆனால் அணிக்கு ஆள் தேடும் ஸ்கவுட் அதைத்தான் ரீவைண்ட் பண்ணிப் பார்க்கிறார்.

நோட்டர் டேமின் கைரன் வில்லியம்ஸ் 2022-ல், டிராஃப்டுக்கு முன் வீரர்களைச் சோதிக்கும் கம்பைனில் 40 யார்டை 4.65 விநாடியில் ஓடினார், ரன்னிங் பேக்குக்கு அது மெதுவான ஓட்டம். ஐந்தாம் சுற்றில், 164-ஆவது ஆளாகத்தான் ராம்ஸ் அணி எடுத்தது. கல்லூரியிலேயே தடுப்பதிலும் பாஸ் பிடிப்பதிலும் பேர் வாங்கியவர். அடுத்த ஆண்டே 12 ஆட்டத்தில் 1,144 யார்ட், 2025-ல் மூன்று ஆண்டுக்கு 33 மில்லியன் டாலர் ஒப்பந்தம். அதனால் 40 யார்ட் நேரத்தை நினைத்துத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள். பாஸ் எத்தனை பிடித்தான், எத்தனை தடவை பந்தைத் தவறவிட்டான், பந்தை உதைக்கும் கிக்காஃப், பன்ட் போன்ற ஸ்பெஷல் டீம் வேலையில் இறங்குகிறானா என்று பாருங்கள். பின்சுற்றில் போகிறவனுக்குப் பெரும்பாலும் அந்த ஸ்பெஷல் டீம்தான் சோறு போடும்.

இனி அவன் அப்பாவின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது, அதை நீங்களும் ஒத்துக்கொள்ள வேண்டும். குவார்ட்டர்பேக் 35 வயதிலும் ஆடுவார், ரன்னிங் பேக்கின் உடம்பு எண்ணி வைத்த அடிகளைத்தான் தாங்கும். டிராஃப்டில் எடுக்கப்பட்டவனுக்கு முதல் ஒப்பந்தமே நான்கு ஆண்டு. 21-ல் போனவன் 25-ல் பேரம் பேசுவான், ஒரு வருடம் தள்ளிப் போனால் 26. அந்த வயதிலேயே அணிகள் யோசிக்க ஆரம்பித்துவிடும். கல்லூரியிலேயே முட்டி போனால் இன்னும் கஷ்டம். சவுத் கரோலைனாவின் மார்கஸ் லாட்டிமோருக்கு 2011-லும் 2012-லும் அடுத்தடுத்து முட்டி போனது. நான்காம் சுற்றில் எடுத்தார்கள், ஒரு என்.எஃப்.எல். ஆட்டம்கூட ஆடாமல் 2014-ல் ஓய்வு பெற்றார்.

சந்தையும் ஒரே சீராக இல்லை. 2022-லும் 2024-லும் முதல் சுற்றில் ஒரு ரன்னிங் பேக்கைக்கூட எடுக்கவில்லை. 2023-ல் சேக்வான் பார்க்லிக்கே நீண்ட ஒப்பந்தம் கிடைக்காமல் ஒரு வருடத்துக்கு 10 மில்லியன் சொச்சத்தில் ஆடினார். அடுத்த ஆண்டு அணி மாறி 2,005 யார்ட் ஓடிய பிறகு ஆண்டுக்கு 20 மில்லியனைத் தாண்டினார். உங்கள் மகன் ஆறாம் சுற்றிலோ, யாரும் எடுக்காமலோ உள்ளே போனால் கணக்கே வேறு. அணியின் 53 பேரில் சீசன் முழுக்க இருந்தால் புதியவருக்கு 2025-ல் குறைந்தபட்சம் 8,40,000 டாலர். பயிற்சிக்கு மட்டும் வைத்திருக்கும் பிராக்டிஸ் ஸ்குவாடில் இருந்தால் அதே ஆண்டில் வாரம் 13,000 டாலர், எந்த வாரம் வேண்டுமானாலும் அனுப்பிவிடலாம். இன்னொரு பக்கம், 2025 ஜூலையிலிருந்து கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். அதனால் நின்றால் அந்தக் கல்லூரி என்ன தரும் என்று கூச்சப்படாமல் கேளுங்கள், எழுத்தில் வாங்குங்கள்.

என் கருத்து: யூகிக்க வேண்டாம். கோச் மூலமாக என்.எஃப்.எல்.லின் காலேஜ் அட்வைசரி கமிட்டிக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். முதல் சுற்று, இரண்டாம் சுற்று, இல்லாவிட்டால் கல்லூரியிலேயே இரு, இந்த மூன்றில் ஒரு பதில்தான் வரும். முதல் சுற்று என்று வந்தால் அப்பா சொல்வதைக் கேளுங்கள், டிகிரியைப் பிறகு வந்து முடிக்கலாம். இரண்டாம் சுற்று என்றாலும் போகலாம், முட்டி சுத்தமாக இருந்தால். இரு என்று வந்தால் இருக்கட்டும். 210 தடவை தூக்கியது பெரிய சுமை இல்லை (ஜென்டி அந்த ஒரே சீசனில் 374), இன்னொரு வருடத்தை உடம்பு தாங்கும், தடுக்கும் வேலையையும் அதற்குள் கற்றுக்கொள்வான்.

பெயர் கொடுக்கக் கடைசி நாள் ஜனவரி நடுவில் வரும். அதற்குள் டிகிரிக்கு எத்தனை கிரெடிட் மிச்சம், போய்விட்டுத் திரும்பி வந்தால் ஸ்காலர்ஷிப் தருவார்களா என்று அகாடமிக் அட்வைசரிடம் கேட்டு வையுங்கள். பழைய காயங்களின் எம்.ஆர்.ஐ. ரிப்போர்ட்டெல்லாம் ஒரே ஃபைலில் இருக்கட்டும், கம்பைன் மருத்துவப் பரிசோதனையில் எல்லாவற்றையும் தோண்டுவார்கள். முக்கியமாக, அவன் அப்பாவிடம் ஒரு ஏஜென்ட் தாள் கொடுத்திருக்கிறார் என்று எழுதியிருந்தீர்களே, அதில் இப்போதைக்கு யாரும் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் கல்லூரி ஆட்டத் தகுதியே போய்விடலாம். என்.எஃப்.எல். ஒப்பந்தத்தில் ஏஜென்ட் 3 சதவீதத்துக்கு மேல் வாங்க வீரர்கள் சங்கம் அனுமதிப்பதில்லை. அவர் அந்தச் சங்கத்தில் பதிவானவரா என்பதையும் பார்க்க வேண்டும். தாளை ஸ்கேன் பண்ணி எனக்கு அனுப்புங்கள். அடுத்த தடவை பேசும்போது பையனும் லைனில் இருக்கட்டும், அவன் என்ன நினைக்கிறான் என்று நம்மில் யாருக்குமே இன்னும் தெரியவில்லை.