சாப்பிட்டால் வலி, எண்டோஸ்கோப்பியில் ஒன்றுமில்லை: அடுத்து என்ன?

கேள்வி: அப்பாவுக்கு 67 வயது. பல வருடமாகச் சர்க்கரை, பீடிப் பழக்கமும் உண்டு. சாப்பிட்ட அரைமணி நேரத்தில் வயிறு வலிக்கத் தொடங்கி இரண்டு மணி நேரம் படுத்துகிறது. ஆறு மாதத்தில் 9 கிலோ இளைத்துவிட்டார். இரண்டு முறை எண்டோஸ்கோப்பி பார்த்தும் நார்மல். கேஸ் மாத்திரை கேட்கவில்லை. (வாசகர், பெரம்பூர்)

பதில்: உங்கள் அப்பா பசியில்லாமல் இளைக்கவில்லை, வலிக்குப் பயந்து சாப்பாட்டைக் குறைத்திருப்பார். கேட்டுப் பாருங்கள். வயிற்றுக்கும் குடலுக்கும் ரத்தம் தரும் மூன்று பெரிய குழாய்களில் கொழுப்பு படிந்து அடைத்தால் இப்படித்தான் வரும். சாப்பிட்டதும் குடலுக்குக் கூடுதல் ரத்தம் தேவை. அது கிடைக்காதபோது வலிக்கிறது. மாடிப்படி ஏறினால் நெஞ்சு வலிப்பது போலத்தான் இதுவும். ஒரு குழாய் அடைத்தால் மற்றவை ஈடுகட்டிவிடும் என்பதால், வலி தெரியும்போது பெரும்பாலும் இரண்டு குழாய்களாவது சுருங்கியிருக்கும்.

எண்டோஸ்கோப்பி உள்சுவரைக் காட்டும், வெளியே இருக்கும் ரத்தக்குழாயைக் காட்டாது. அதனால் நார்மல் ரிப்போர்ட்டை வைத்து நிம்மதி அடையாதீர்கள். வெறும் வயிற்றில் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன் எடுக்கலாம், ஆனால் குடலில் காற்று இருந்தால் சரியாகத் தெரியாது. தீர்மானமாகச் சொல்வது ரத்தக்குழாய்களைப் படமெடுக்கும் சி.டி. ஆஞ்சியோ. சாதாரண வயிற்று சி.டி. போதாது, பெயர் சொல்லியே கேளுங்கள். கணையப் புற்றுநோயிலும் வலியும் எடைக்குறைவும் வரும். ஸ்கேன் பார்க்கும்போது கணையத்தையும் கவனித்துவிடலாம். ஸ்கேனுக்குச் சாயமருந்து ஏற்றுவார்கள் என்பதால் முதலில் க்ரியாட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பாருங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை சாப்பிட்டால் மறக்காமல் சொல்லுங்கள்.

அடைப்பு உறுதியானால், வலியும் எடைக்குறைவும் இருப்பவருக்கு மாத்திரை மட்டும் போதாது. பெரும்பாலும் குழாயைத் திறந்து வைக்கும் ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாயை வைப்பார்கள், சரிவராதவர்களுக்கு ரத்தத்துக்கு மாற்றுப் பாதை போடும் பைபாஸ் அறுவை. ரத்தக்குழாய் அறுவை நிபுணரிடம்தான் போக வேண்டும். சென்ட்ரல் எதிரே ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலேயே அந்தப் பிரிவு இருக்கிறது. ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், கொழுப்பைக் குறைக்க ஸ்டேட்டின் என்ற மாத்திரைகளை அந்த நிபுணர் சொன்னபின் தொடங்குங்கள். பீடியை மட்டும் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள், அதற்கு யாரும் சீட்டு எழுதித் தர வேண்டியதில்லை. சிகிச்சை நடக்கும்வரை மூன்று வேளைச் சாப்பாட்டை ஐந்தாறு சிறு வேளைகளாகப் பிரித்துக் கொடுங்கள்.

ஒருவேளை திடீரென்று தாங்க முடியாத வலி வந்து, வயிற்றைத் தொட்டால் மெத்தென்றே இருந்தாலும் காத்திருக்காதீர்கள். குழாய் முழுவதும் அடைத்திருக்கலாம். சில மணி நேரத்திலேயே குடல் அழுகத் தொடங்கிவிடும். உடனே 108-ஐ அழையுங்கள்.