அமெரிக்காவில் ஊருக்கு ஊர் மாண்டலின் குழுக்கள் இருந்தது உண்மையா? எப்படி மறைந்தன?

உண்மைதான். ஆரம்பமே ஒரு ஆள்மாறாட்டம். 1880இல் ஸ்பெயினிலிருந்து 'ஃபிகாரோ' மாணவர் குழு நியூயார்க் வந்து கலக்கியது. அவர்கள் வாசித்தது மாண்டலின் அல்ல, பண்டூரியா என்ற ஸ்பானியத் தந்தி வாத்தியம். வரவேற்பைப் பார்த்த இத்தாலியக் குடியேறிகள் அதே பாணியில் குழு சேர்த்து, கையில் மாண்டலினோடு மேடை ஏறினார்கள். மக்களுக்கு வித்தியாசம் தெரியவில்லை!

இத்தாலிய மாண்டலினின் முதுகு பூசணிக்காயைப் பிளந்து கவிழ்த்ததுபோல் உருண்டிருக்கும். மடியில் வைத்தால் வழுக்கும். அமெரிக்கர்கள் அதற்கு 'உருளைக்கிழங்கு வண்டு' என்றே பட்டப்பெயர் வைத்தார்கள். மிச்சிகனின் கலமசூவில் ஆர்வில் கிப்சன் என்ற வாத்தியக் கைவினைஞர் மாண்டலினை வயலின்போல் பலகையைச் செதுக்கிச் செய்து, 1898இல் காப்புரிமை வாங்கினார். 1902இல் கிப்சன் நிறுவனம் வந்தது.

அவர்கள் வியாபார மூளையும் சாமானியமல்ல. மாண்டலினுக்கு வயலினின் சுருதிதான், ஆனால் கழுத்தில் சுர இடங்களைக் காட்டும் குறுக்குக் கட்டைகள் (fret) இருப்பதால் விரல் வைப்பது சுலபம். வயலின் குடும்பம்போலவே மாண்டலினுக்கும் ஒரு குடும்பம்: வயோலாவுக்கு மாண்டோலா, செல்லோவுக்கு மாண்டோசெல்லோ, அப்புறம் ஆள் உயர மாண்டோபாஸ். ஆசிரியர்களையே விற்பனை முகவர்களாக்கினார்கள். குழு வளர்ந்தால் விற்பனையும் வளரும்.

முதல் உலகப் போருக்குப் பின் ஜாஸ் வந்தது. அந்தச் சத்தத்துக்கு பேஞ்சோ என்ற தந்தி வாத்தியம்தான் ஈடுகொடுத்தது, மாண்டலின் அமுங்கிப்போனது. கிப்சன் நிறுவனத்தின் லாயிட் லோர் 1922இல் கொண்டுவந்த அருமையான எஃப்-5 மாண்டலின் சரியாகப் போணியாகவில்லை. பின்னாளில் பில் மன்றோ 1923ஆம் ஆண்டு எஃப்-5 ஒன்றில்தான் புளூகிராஸ் என்ற அமெரிக்க நாட்டுப்புற இசையை வாசித்தார். குழுக்களும் அடியோடு அழியவில்லை: மில்வாக்கி நகரில் 1900இல் தொடங்கிய மாண்டலின் குழுவின் வழித்தோன்றல் நம் காலம்வரை வாசித்து வந்திருக்கிறது.