அலி அப்துல்லா சாலே ஏமனில் 33 ஆண்டுகள் எப்படித் தாக்குப்பிடித்தார்?

சாலே, அப்போது தனி நாடாக இருந்த வடக்கு ஏமனின் அதிபரானது 1978 ஜூலையில். அந்த நாற்காலியில் உட்கார ஆசைப்படுவதே விபரீதம் என்று தோன்றிய நேரம் அது. 1977 அக்டோபரில் அதிபர் அல்-ஹம்தி கொல்லப்பட்டார். அவருக்கு அடுத்து வந்த அல்-கஷ்மி, எட்டே மாதத்தில் பெட்டியில் வந்த குண்டுக்குப் பலியானார். அதிகம் படிக்காத இந்த ராணுவ அதிகாரியும் சில மாதம்கூடத் தாங்கமாட்டார் என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

அவர் செய்தது இதுதான்: படைகளின் முக்கியப் பொறுப்புகளைச் சொந்தக்காரர்களுக்கும் தன் சன்ஹான் குலத்தாருக்கும் கொடுத்தார். குடியரசுக் காவல் படை பிற்பாடு மகன் அகமதுவின் கைக்குப் போனது. பழங்குடித் தலைவர்களைப் பணத்தாலும் பதவியாலும் வளைத்தார். ஏமனை ஆள்வதைப் பாம்புகளின் தலைமேல் ஆடும் நடனம் என்று அவரே சொல்லியிருக்கிறார்.

1990இல் வடக்கும் தெற்கும் இணைந்தபோது அதிபர் அவரே. 1994 உள்நாட்டுப் போரிலும் வென்றார். 2011 மக்கள் எழுச்சியின்போது அரண்மனை மசூதியில் குண்டு வெடித்து உடல் கருகியது. அப்படியும் நவம்பரில்தான் ரியாத்தில் கையெழுத்திட்டுப் பதவி விலகச் சம்மதித்தார்.

சரி, அப்புறமாவது ஒதுங்கினாரா? இல்லை. 2004 முதல் தான் ஆறு சுற்றுப் போர் நடத்திய அதே ஹூதிகளோடு (ஏமனின் வடபகுதியைச் சேர்ந்த ஷியா கிளர்ச்சிக் குழு) கைகோத்து, 2014இல் தலைநகர் சனா அவர்கள் வசமாக உதவினார். 2017 டிசம்பர் தொடக்கத்தில் அவர்களை உதறிவிட்டு, அவர்களை எதிர்த்துப் போரிட்டுவந்த சவுதி பக்கம் சாய்ந்தார். டிசம்பர் 4 அன்று ஹூதிகள் அவரைக் கொன்றார்கள்.