வரப்புக் களையைப் பிடுங்கினால் தக்காளிச் சுருட்டை நிற்குமா?

கேள்வி: மூன்று மாநில எல்லையில் உள்ள குப்பம் நகரை அடுத்த எங்கள் ஊரில் ஒன்றரை ஏக்கரில் தக்காளி நட்டு 30 நாள் ஆகிறது. பல செடிகள் நுனி இலை சுருண்டு, குட்டையாகவே நிற்கின்றன. வரப்பில் உள்ள குப்பைமேனி, பார்த்தீனியம், மணத்தக்காளியிலிருந்துதான் நோய் வருகிறது என்கிறார்கள். உடனே பிடுங்கிவிடலாமா? கடையில் ‘வைரஸ் மருந்து’ தருகிறார்கள், வாங்கலாமா?

பதில்: களையை எடுக்கத்தான் வேண்டும், ஆனால் இன்றே வேண்டாம். இலைச் சுருட்டை வைரஸைச் செடிக்குச் செடி கொண்டுசெல்வது வெள்ளை ஈ. காலை வேளையில் ஒரு குப்பைமேனி இலையை மெல்லத் திருப்பிப் பாருங்கள். அடிப்பக்கத்தில் மாவு தூவியதுபோல் ஒட்டிக்கொண்டிருக்கும். பயிர் நிற்கும்போது களையைப் பிடுங்கி வரப்பிலேயே போட்டால், அது வாடத் தொடங்கியதும் அத்தனை ஈயும் பக்கத்தில் பசுமையாக நிற்கும் உங்கள் தக்காளியில்தான் போய் உட்காரும். ஆகவே பயிருக்கும் வரப்புக்கும் ஒரே நாளில் வெள்ளை ஈக்குப் பரிந்துரைக்கப்பட்ட பூச்சிக்கொல்லியைத் தெளித்து, இரண்டு நாள் கழித்துக் களையைப் பிடுங்கி, நிலத்தைவிட்டு வெளியே கொண்டுபோய் அழியுங்கள். (அந்த மணத்தக்காளியைக் கீரைக்குப் பறிக்கும் வழக்கம் வீட்டில் இருந்தால், முன்கூட்டியே சொல்லித் தடுத்துவிடுங்கள்.) அடுத்த போகத்தில் நடவுக்கு மூன்று வாரம் முன்பே வரப்பு சுத்தமாக இருக்க வேண்டும்.

எனினும் முழுப் பழியையும் களையின்மேல் போட முடியாது. வைரஸ் ஏறியபின் சுருட்டை கண்ணுக்குத் தெரியவே இரண்டு மூன்று வாரம் ஆகும். 30 நாளில் செடி குட்டையாகிவிட்டது என்றால், நோய் நாற்றோடு வந்திருக்கவே வாய்ப்பு அதிகம். அங்குலத்துக்கு 40 முதல் 50 கண் உள்ள நைலான் வலைக்குள் வளர்த்த குழித்தட்டு நாற்றாக இருந்தால் இந்த ஆபத்து பெரிதும் குறையும். ஆனால் வலைக்கூடம் எது என்றே தெரியாமல், நாற்றை வண்டியில் ஏற்றிவந்து களத்தில் இறக்கிவிட்டுப் போகும் இடைத்தரகரிடம் நீங்கள் என்ன கேட்க முடியும்? பில் கிடையாது, ரகத்தின் பெயர் வாய்ச்சொல்தான். நாற்று ஒரு மாநிலம், நிலம் இன்னொரு மாநிலம் என்பதால், இங்குள்ள அலுவலர் அங்கே போகச் சொல்வார், அங்குள்ளவர் பில் கேட்பார். எல்லைக்கோடு வெள்ளை ஈக்குத் தெரியாது; அலுவலகங்களுக்கு மட்டும் நன்றாகவே தெரிகிறது. எனவே கூடத்துக்கு நேரில் சென்று, வலை கிழிந்திருக்கிறதா என்று பார்த்து, பில்லோடு வாங்குங்கள்.

‘வைரஸ் மருந்து’ என்று ஒன்று இல்லை. செடிக்குள் புகுந்த வைரஸைக் கொல்லும் மருந்து எந்தக் கடையிலும் கிடையாது. தெளித்தபின் செடி சற்றுப் பச்சையாகத் தெரிந்தால் அது அதில் கலந்த நுண்ணூட்டத்தின் வேலையாக இருக்கலாம். சுருண்ட இலை நிமிராது. அந்தப் பணத்தை, வெள்ளை ஈயைக் கவர்ந்து ஒட்டவைக்கும் மஞ்சள் ஒட்டுப்பொறிக்குச் செலவிடுங்கள்.

ஒரு விதிவிலக்கை மட்டும் விரிவாகச் சொல்ல வேண்டும். இலை சுருளாமல், நுனி வெண்கல நிறமாகிக் கருகி, காயில் வளையம் வளையமாகத் தெரிந்தால் அது சுருட்டை அல்ல, மொட்டுக்கருகல் என்ற வேறொரு வைரஸ் நோய். அதைப் பரப்புவது இலைப்பேன் என்ற சிறு பூச்சி. அதன் குஞ்சுப் பருவத்தில்தான் வைரஸ் உள்ளே ஏறும். வளர்ந்தபின் நோய்ச்செடியில் உட்கார்ந்தாலும் புதிதாக ஏற்றுக்கொள்ளாது. ஆகவே குஞ்சு பொரித்து வளரும் நோய்ச்செடிதான் ஆபத்தான இடம். இந்த வைரஸ் நிலக்கடலை, பச்சைப்பயறு, தட்டைப்பயறு ஆகியவற்றையும் தாக்குவதால், உங்கள் பக்கத்தில் வரப்புக் களையைவிட அண்டைக் கடலைக் கொல்லையைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பெங்களூரின் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் வெளியிட்ட அர்கா ரக்ஷக் என்ற தக்காளி ரகம் இலைச் சுருட்டையையும் பாக்டீரியா வாடலையும் இளங்கருகலையும் தாங்கும். மொட்டுக்கருகலைத் தாங்கும் என்று யாராவது விற்றால் நம்பாதீர்கள்.

இப்போது சுருண்டிருப்பவை நூற்றுக்கு ஐந்து பத்துச் செடிகள் என்றால், பூச்சிக்கொல்லி தெளித்தபின் பிடுங்கிச் சாக்கில் கட்டி அப்புறப்படுத்துங்கள். பாதிக்குமேல் போய்விட்டால், நல்ல செடிகளின் காயைக் காப்பதே வேலை. எல்லாவற்றையும் பிடுங்குவதில் பயனில்லை. சந்தையில் விலை விழுந்ததும் பறிக்காமல் கைவிட்ட பழைய தக்காளிக் கொல்லை அருகில் இருக்கிறதா என்றும் பாருங்கள். மற்ற எல்லாக் களைகளையும்விட அதுதான் வைரஸின் பெரிய வீடு. அந்த நிலத்துக்காரரிடம் பேசி, அடுத்த நாற்று வாங்குவதற்கு முன் அதை உழுதுவிடச் சொல்லுங்கள்.